இரண்டு துளைகளுக்கு நடுவே

7 மார்ச் 2023, செவ்வாய்
சிராங்கூன் சாலைக்குப் பின்னால், கழிவுநீர்க் குழாய் போகப்போகிற சந்தின் அடிநிலத்துக்கு முப்பரிமாண மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். மண் எடுத்துப் பார்த்த துளைகள் இரண்டுதான். இரண்டிலும் கெட்டி மண். நடுவில் நூற்றெண்பது மீட்டர், அங்கே யாரும் பார்க்கவில்லை. மென்பொருள் நேராக ஒரு கோடு இழுத்து, அங்கேயும் கெட்டி மண்தான் என்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஓர் ஓடை இருக்கிறது. ஓடைக்குக் கீழே கடற்களிமண் ஆழமாக இறங்கியிருக்கலாம். மாவு மாதிரி குழைவாக இருக்கும். தோண்டினால் மேலே இருப்பதும் சேர்ந்து இறங்கும்.

10 மார்ச், வெள்ளி
இன்னொரு துளை கேட்டேன். மேலாளர் கிளாரன்ஸ் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். "நஃபீசா, ரோட்ட மூடணும், பெர்மிட் வாங்கணும், மூணு மாசம் போயிடும். கிளையண்ட் ஒத்துக்க மாட்டாங்க லா. ரிப்போர்ட் பின்னிணைப்புல ஒரு வரி போட்டுடு."
போட்டேன். யார் படிப்பார்கள்?

18 மார்ச், சனி
அந்தச் சந்துக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன். இரண்டு துளைகளுக்கும் சரியாக நடுவில் ஒரு பழைய கடைவீடு. கீழே தையல் கடை, மேலே குடியிருப்பு. தைப்பவர் அல்போன்சம்மாள், அறுபது வயதிருக்கும். சுடிதார் துணி கொடுத்தேன். "அவசரமாம்மா?" என்றார். இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? உங்கள் வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை என்றா?

19 நவம்பர் 2024, செவ்வாய்
இறங்கிவிட்டது. காலை பத்தரைக்கு. குழாய்க்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் களிமண்ணுக்குள் போய்விட்டதாம். கடையின் முன்பக்கம் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. யாருக்கும் அடி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். எனக்குத் தெரியும்னு சொல்ல முடியுமா? தெரியாதே — பயந்தேன், அவ்வளவுதானே.

3 டிசம்பர், செவ்வாய்
புதிதாக ஆறு துளைகள். ஒரே வாரத்தில் பெர்மிட் கிடைத்துவிட்டது. களிமண் இருபத்திரண்டு மீட்டர் ஆழம்.

14 ஜனவரி 2025, செவ்வாய்
அல்போன்சம்மாள் இப்போது புக்கிட் பாத்தோக்கில், மகள் வீட்டில். விடுப்பு போட்டுவிட்டுப் போனேன்.
"குழாய் போட்டவங்க சொல்றாங்க, வீடு பழசாம், அதனாலதான் இறங்குச்சாம். நாப்பது வருஷம் இருந்தேன்மா, சுவர்ல ஒரு விரிசல் இல்ல."
நான் யார் என்று சொன்னேன்.
"அன்னிக்குத் துணி கொடுத்தப்பவே தெரியுமா?"
"பயமா இருந்துச்சு ஆன்ட்டி."
"எங்கிட்ட சொல்லல."
"இல்ல."
வீடு இறங்கியதை விசாரிக்கும் குழுவுக்கான சாட்சிப் படிவத்தை மகள் என் முன்னால் வைத்தார். அலுவலக விஷயங்களை வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்துப் போட்டவள் நான். துளை கேட்டதை, மேலாளர் மறுத்ததை, பின்னிணைப்பில் போட்ட வரியை எழுதினேன். கீழே என் பெயர். அதற்கும் கீழே, வேலை செய்யும் இடம்.
அதையும் எழுதினேன். இன்றைய தேதிக்கு அது உண்மை.