ஆறு தெரியும் அறை

அன்புள்ள அப்பா,

தொலைபேசி இருக்கக் கடிதம் எழுதுகிறேன், மன்னியுங்கள். வாயால் சொல்லத் துணிவில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நான் சுகம்.

இங்கே துன் நகரில் நான் வேலை செய்யும் பயண அலுவலகத்துக்குப் போன கிழமை தனுஷியா என்ற தமிழ்ப் பிள்ளை வந்தாள். கலியாணம் முடித்த கையோடு தாய்லாந்து மலைப்பாதைகளில் கார் ஓட்டிப் போய், எல்லை ஆற்றங்கரை ஊரொன்றில் தங்கப் போகிறாளாம்.

"ஆறு தெரியிற அறையாப் பாருங்கோ அக்கா. அங்கால் கரையில என்ன இருக்கு?"

"பர்மா."

"வடிவோ?"

"ஓம்" என்றேன்.

வேலை தருவதாகக் கூட்டிப்போனவர்கள் தம்பி ஸ்ரான்லியை அடைத்து வைத்தது அந்தக் கரையில்தான். அவன் கடைசியாக அழைத்ததும் அங்கிருந்துதான். வீட்டில் படித்தவள் நீதான், ஒரு வழி பார் என்றீர்கள். அவளுக்கு அறை பதிந்த பிறகு, ஏப்ரலுக்கு அதே ஊரில் எனக்கும் ஒன்று பதிந்தேன். ஒற்றைக் கட்டில். நல்ல தெருதான், பயப்படாதீர்கள்.

தம்பியின் கடவுச்சீட்டுப் பிரதியும் தாடியில்லாத படமொன்றும் அனுப்புங்கள். அம்மா இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அழைப்புக்குப் பிறகு வருடம் ஒன்றாகிறதென்று தேவாலயத்தில் அவனுக்குப் பூசை கொடுத்திருப்பதாக அம்மா சொன்னா. பூசை நடக்கட்டும். ஆனால் அவன் பெயரை இறந்தவர்களின் பெயர்களோடு வாசிக்க வேண்டாம் என்று சுவாமியாரிடம் சொல்லுங்கள், அப்பா.

மகள்,
யூஜினி