எங்கெல்லாம் பச்சை மின்னுகிறதோ

செவ்வாய் நாள் 611, காலை 09:10

காற்று, தண்ணீர், மின்சாரம் சரி. நிலையத்தில் ஆள் ஒருத்திதான்: நான், உமையாள், பாறை ஆய்வாளர். மற்ற மூவரும் ஊர் திரும்பிவிட்டார்கள். அடுத்த கப்பலுக்கு ஏழு வாரம் இருக்கிறது. இடது உள்ளங்காலில் இருக்கும் மச்சம் தோல்புற்று என்று பரிசோதனைக் கருவி சொல்லிவிட்டது. பாறையை உடைக்கிற எனக்கு ஒரு மச்சம் தண்ணி காட்டுகிறது.

இனி இரண்டு வாரம் பூமிக்கும் செவ்வாய்க்கும் குறுக்கே சூரியன் நிற்கும், ரேடியோ எடுக்காது. அதற்கு முன் மதுரையிலிருந்து எங்கள் டாக்டர் யூசுப் அனுப்பிய கடைசிச் செய்தி:

"அக்கா, முதல்ல அடையாள ஊசி. புற்று செல் மேல இருக்கிற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கிரும். மறுநாள் ஊதா விளக்கைப் பிடிச்சுப் பாருங்க. எங்கெல்லாம் பச்சையா மின்னுதோ அங்கதான் வியாதி. அப்புறம் மருந்து ஊசி. பச்சை ஒட்டின செல்லை மட்டும் அது கொல்லும். கால்ல மட்டும்னா ஒண்ணு போதும். பரவியிருந்தா ரெண்டு. மூணாவதைத் தொட்றாதீங்க, ஈரல் தாங்காது, உயிருக்கே ஆபத்து."

நாள் 612, 10:30

மச்சம் பச்சையாக மின்னியது, மிளகு அளவுக்கு. சந்தோஷமாக விளக்கை மேலே தூக்கினேன்.

கணுக்கால் பச்சை. முழங்கால், வயிறு, கை பச்சை. கண்ணாடியில் முகமே பச்சை. உள்ளங்கைகளும், மச்சம் போக உள்ளங்கால்களும் மட்டும் மின்னவில்லை.

அழுதேன். கேட்க ஆள் இல்லை. காத்திருந்தால் மூளைக்கு ஏறிவிடும். இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டேன்.

நாள் 617, 11:00

தோல் வெளுக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அம்மா வருஷக்கணக்காகக் கடலைமாவு தேய்த்தும் நடக்காதது ஐந்தே நாளில் நடந்துவிட்டது. சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டு, பெண் கறுப்பு என்று எழுந்துபோனவர்கள் இப்போது வந்து பார்க்கலாம்.

நாள் 621, 09:40

காற்றாடிச் சத்தம் நின்றுவிட்டது என்று பதறி ஓடினேன். அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, எழுத்து கலங்குகிறது.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் காதுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் உண்டு என்கிறது கையேடு. அங்கேயும் வியாதி போய்விட்டது போல.

நாள் 625, நேரம் தெரியவில்லை

கண் சுத்தமாகத் தெரியவில்லை. விசைகளின் புடைப்பைத் தடவி எழுதுகிறேன். யூசுப் இனிப் பேசினாலும் கேட்காது, எழுதினாலும் தெரியாது. கப்பல் வந்து யாராவது என் தோளைத் தொட்டால்தான் உண்டு. அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.

அக்குளில் கட்டி மாதிரி ஏதோ. மூன்றாவது ஊசி மடியில் இருக்கிறது.

நாள் 626, 08:02. நிலையத்தின் தானியங்கிப் பதிவு

ரேடியோ தொடர்பு திரும்பியது. மதுரையிலிருந்து ஒலிச்செய்தி. மூன்று முறை ஒலிபரப்பப்பட்டது. பதில் இல்லை.

"அக்கா, யூசுப் பேசறேன். மருந்து ஊசி போட்றாதீங்க. போட்டிருந்தா அதோட நிறுத்திருங்க. மேலெல்லாம் பச்சையா தெரியும், அது வியாதி இல்ல. இந்த அடையாளத்தை வெள்ளைத் தோல்காரங்க மேல மட்டுந்தான் சோதிச்சிருக்காங்க. நம்ம தோல்ல அந்தப் புரதம் சும்மாவே நிறைய இருக்கு. சந்தேகம் வந்து எனக்கே போட்டுப் பாத்தேன். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர முழுக்கப் பச்சை. உங்களுக்குக் கால்ல அந்த ஒரு மச்சம் மட்டுந்தான். கப்பல் வந்ததும் வெட்டி எடுத்துரலாம். தப்பு என்னோடது, முன்னாடியே யோசிச்சிருக்கணும். அக்கா, பதில் சொல்லுங்க."

நாள் 626, 08:20 (நேரம் நிலையம் பதித்தது)

மூன்றாவதையும் போட்டுக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை. வயிறு எரிகிறது. விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கண்டெடுப்பவர்களுக்கு. யூசுப்பிடம் சொல்லுங்கள். அவன் நல்ல டாக்டர், சொன்னதெல்லாம் சரிதான். தப்பு அவன் மேல் இல்லை. வியாதிதான் உடம்பு முழுக்க