பிரியாவின் தட்டில் எத்தனை கிராம்

12.6.1996, புதன்

கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி மூன்று. பஸ்ஸில் வரும்போதே ஆத்திரம்.

மூன்று வாரமாகக் காலையும் மாலையும் பிரியாவுக்கு இன்சுலின் ஊசி நான்தான் போடுகிறேன். பத்து வயதுப் பிள்ளை. கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுப் பட்டியல் கொடுத்தார்கள். இட்லி 150 கிராம். சாதம் 120 கிராம். கார்ன்ஃபிளேக்ஸ் 30 கிராம். சோமனூரில் யார் வீட்டில் கார்ன்ஃபிளேக்ஸ் இருக்கிறது?

"ஊட்டுல தராசு இல்லீங்களே" என்றேன்.

"வாங்கிக்குங்க" என்றாள் பட்டியல் எழுதுகிற பெண். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அளவு கூடினால் சர்க்கரை ஏறும், குறைந்தால் பிள்ளை மயங்கி விழும் என்று பயமுறுத்தியதும் அவளேதான். திரும்புகிற வழியில் மூன்று பாத்திரக் கடைகளில் கேட்டேன். கிராம் காட்டும் தராசு ஒருவரிடமும் இல்லை.

14.6.96

டிபன் டப்பாவில் இட்லியும் சாதமும் எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். நிறுத்துக் காட்டச் சொன்னேன்.

"சோறு பட்ட தட்டுல அப்பறம் நான் பருப்புப் போட முடியுங்களா?" என்றார் கடைக்காரர். சரி, அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு விட்டாரா? நான்கு பேர் நிற்கும்போது, "பெத்த புள்ளைக்குச் சோத்த நிறுத்துப் போடற தாய இப்பத்தான் பாக்கறனுங்க" என்றார். சிரித்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல முடியாமல் டப்பாவை மூடிக்கொண்டு வந்தேன்.

ஏன் சொல்ல முடியாது? வீட்டுக்காரர் வெளியே சொல்லக்கூடாது என்றிருக்கிறார். "பொட்டப்புள்ள. ஊசி போடறது தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கேப்பான்?" பிள்ளை பிழைப்பதைப் பற்றி நான் யோசிக்கிறேன். பிரியாவின் அப்பா மாப்பிள்ளையைப் பற்றி யோசிக்கிறார்.

15.6.96

இன்று குத்துமதிப்பாகப் போட்டேன். பயந்துகொண்டே.

17.6.96, திங்கள்

தபால் ஆபீசில் கடிதம் நிறுக்கும் தராசு இருக்கிறதே! நேற்று துணி துவைக்கும்போதுதான் தோன்றியது. போனேன்.

"பார்சலுங்களா அம்மணி?" என்றார் போஸ்ட் மாஸ்டர் வேங்கடசாமி. டப்பாவைத் திறந்து காட்டினேன். அவர் விழித்தார். சொல்லிவிட்டேன் - எல்லாவற்றையும். வெளி ஆளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் தராசில் காகிதத்தை விரித்தார்.

இட்லி ஒன்று ஐம்பது கிராம். எங்கள் குழிக்கரண்டியில் தலை தட்டிப் போட்டால் சாதம் அறுபது கிராம். குவித்துப் போட்டால் தொண்ணூறு! குவியலுக்கும் தட்டலுக்கும் இத்தனை வித்தியாசம். இரண்டு நாள் குத்துமதிப்பில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

மூன்று இட்லி. தலை தட்டி இரண்டு கரண்டி சாதம். இவ்வளவுதான் விஷயம். இதைப் பட்டியலில் எழுதினால் அந்தப் பெண்ணின் பேனா தேய்ந்துவிடுமா?

30.6.96, ஞாயிறு

காரமடையில் வீட்டுக்காரரின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். ஏழரைக்குப் பந்தி என்றார்கள், ஏழு மணிக்கு ஊசி போட்டேன். பிறகு, மாப்பிள்ளை வீட்டார் முதலில் உட்காரட்டும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

சமையல்கட்டுக்குப் போய் மூன்று இட்லி கேட்டேன். அவருடைய அக்கா மாசாணியம்மாள் வழியை மறித்து நின்றார். "சம்பந்தி ஊட்டுக்காரங்க சாப்புடறதுக்குள்ள உம் புள்ளைக்கென்ன அப்பிடி அவசரம்?"

பிரியாவின் அப்பாவைப் பார்த்தேன். சும்மா இரு என்று கண்ணைக் காட்டினார். நான் சும்மா இருந்தேன். எட்டேகால் வரைக்கும் இருந்தேன் - தப்பில் எனக்கும் பங்குண்டு.

பிரியாவுக்கு முகமெல்லாம் வேர்த்தது. "அம்மா" என்கிறாள், நாக்கு குழறுகிறது. நாத்தனாரைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடிச் சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். அப்புறம் பந்திக்கு நடுவில நின்னு கத்திப்போட்டேன். எம் புள்ளைக்குச் சக்கரை வியாதிங்க, ஊசி போட்டாச்சுங்க, இப்பச் சோறு போடலீன்னா செத்துப்போயிருமுங்க - இப்படித்தான் கத்தினேன். அத்தனை பேரும் இலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சாப்பிட்டபின் தெளிந்துவிட்டாள். வரும்போது பஸ்ஸில் அவர் எங்களை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

1.7.96

என்மீதா கோபம்? என்மீதா?

4.7.96

மூன்று நாளாகப் பேச்சில்லை. இன்று நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் அவர் பிரியாவின் தட்டருகே உட்கார்ந்து, "எத்தன கரண்டி கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டுங்கப்பா. மேல கூம்பாட்ட இருக்குது பாருங்க. வழிச்சுப் போட்டுப் போடுங்க."

வழித்தார். ஒரு வேளைச் சோறு போட்டதற்கு நான் உருகிப்போக வேண்டுமா? மாட்டேன்.

22.9.96, ஞாயிறு

காலையில் ஒரு அம்மா வந்தார். ஈரோட்டுக்காரர், உம்மல் குல்சும் என்று பேர் சொன்னார். கையில் ஆறு வயது மகள், பையில் அதே கிராம் பட்டியல். அவர் கணவருக்கு ஜவுளிச் சந்தையில் கடையாம்.

"துணி கொண்டாந்தப்ப உங்க ஊட்டுக்காரர்தாங்க வரச் சொன்னாரு. கடையில அத்தன பேரு இருக்கையில, எங்க பாப்பாவுக்கும் சக்கரை இருக்குதுங்க, எங்க ஊட்டுல கேட்டாச் சொல்லுவாங்கன்னாருங்க."

இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதும் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

நான் கரண்டி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால், பிரியா அந்தக் குழந்தையின் கையைத் தட்டருகே முட்டியாக மூடவைத்து, பக்கத்தில் அதே அளவுக்குச் சோற்றைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கரண்டிக்கு எங்கே போவது என்று அவளாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். எனக்கே இது தெரியாது.

"என் கையப் பாக்காத. எனக்குப் பெருசு" என்று சொல்லிக்கொடுத்தாள். "உன் கையப் பாத்துப் போட்டுக்கோணும்."

கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டு, உம்மல் குல்சுமுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன்.