நின்றுபோன வாடிக்கை

மார்ச் 4

அன்புள்ள முதலாளிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் நமக்கு "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" தவிர வேறு பேச்சு வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

அறை மூன்றாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் நிறைய வானமும். காலையில் மலைப் பனி மூடினால் தொட்டியும் இருக்காது, நான் மட்டும் மிதக்கிறேன். கூட இருக்கும் பெண்ணுக்கு நம் மகள் வயது. "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

மார்க்கெட்டிங் வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்கள். டீச்சர் என்னைவிடச் சின்னவர். உங்கள் சரக்கைப் பற்றி அளக்காதீர்கள், வாங்க வந்தவரைக் கேளுங்கள் என்றார். தலையணை வாங்க வருகிறவர்களிடம் "ஒருக்களிச்சுப் படுப்பீங்களா, மல்லாந்தா?" என்று நீங்கள் கேட்பது ஞாபகம் வந்து, தனியாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

படிப்பு முடிந்ததும் திரும்பி வருவாயா என்று பஸ் ஏற்றிவிடும்போது நீங்கள் கேட்கவில்லை. பஸ் நகரும்வரை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.

உங்கள்
மாணவி

மார்ச் 15

அன்புள்ள கல்லூரிக்காரிக்கு,

உன் கடிதத்தை நம் கடையில் மெத்தை தைப்பவருக்கும் படித்துக் காட்டினேன், கடைசி வரியை விட்டுவிட்டு. இந்த வயதில் படிப்பா என்று இழுத்தார். மனைவி படித்தால் புருஷனுக்கும் அரை மார்க் கிடைக்கும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

வியாபாரம் மந்தம். ஈ ஓட்டலாம் என்றால் ஈயும் மெத்தையில் படுத்துத் தூங்குகிறது. ரிட்டையர் ஆன ரயில் டிரைவர் வழக்கம்போல் மதியம் வந்து, மாதிரிக் கட்டிலில் சாய்ந்து, ஒன்றும் வாங்காமல் போகிறார். எழுப்ப மனசு வருவதில்லை. வெயில் உள்ளே விழுந்து பஞ்சுத் தூசி பறந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தபடியே நானும் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் கடை ரயிலாக ஓடுகிறது. டிரைவர் ஓட்டுகிறார், ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு தலையணை உட்கார்ந்திருக்கிறது. ஏதோ ஸ்டேஷனில் நீ பெட்டியோடு நிற்கிறாய். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வருவாயா என்று கேட்க என்ன இருக்கிறது? உன் வீடு. மகளும் கல்யாணமாகிப் போன பிறகு இங்கே உனக்கு என்ன குறை வைத்தேன்?

அன்புடன்
தலையணைக்காரன்

ஏப்ரல் 21

அன்புள்ள முதலாளிக்கு,

வகுப்பில் நம் கடையைப் பற்றிப் பேசினேன். கண்ணாடியில் பெரிதாக எழுதியிருக்கும் தள்ளுபடியை அழித்துவிட்டு ஒரு கேள்வி எழுதச் சொல்கிறார் டீச்சர். "நேற்று நன்றாகத் தூங்கினீர்களா?" அவ்வளவுதான். சிரிக்காமல் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

அடுத்த பாடம் கஷ்டமானது. வாடிக்கையை நிறுத்திவிட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து ஏன் வருவதில்லை என்று கேட்க வேண்டும். அவர் என்ன சொன்னாலும் விளக்கம் சொல்லக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது. நன்றி மட்டும் சொல்ல வேண்டும். நம் கடையில் அப்படி யாராவது இருந்தால் விலாசம் அனுப்புங்கள்.

இன்னொன்று. பயிற்சிக்குப் போகும் சோப்புக் கம்பெனியில் என்னை வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். தேர்வு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

உங்கள்
மாணவி

மே 6

அன்புள்ள கல்லூரிக்காரிக்கு,

உன் டீச்சருக்கு ஒரு கும்பிடு. கேள்வியை எழுதியதிலிருந்து ஜனங்கள் வாசலில் நிற்கிறார்கள். நின்றவர்கள் உள்ளே வந்து பதில் சொல்கிறார்கள். நேற்று ஒரு நர்ஸ், தூங்கினால் தினமும் கடல் வருகிறது, ஆனால் கரை வருவதில்லை என்றார். இரண்டு தலையணை வாங்கிப் போனார். இந்த மாதம் மெத்தை தைப்பவருக்குத் தலை சொறிய நேரமில்லை.

நின்றுபோன வாடிக்கை கேட்டாய். ரொம்ப யோசித்தேன். எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் விலாசம் உன் ஹாஸ்டல். ஏன் போனாள் என்று நீயே கேட்டு எழுது. பாட விதிப்படி நடந்துகொள்கிறேன்.

வேலை விஷயம் படித்தேன். அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்புடன்
தலையணைக்காரன்

மே 19

அன்புள்ள முதலாளிக்கு,

கேட்டீர்கள், சொல்கிறேன். உங்களைக் குத்திக் காட்ட அல்ல.

மகள் போன பிறகு வீட்டில் பகல் முடிவதேயில்லை. துவைத்ததையே துவைத்தேன். கடைக்கு வந்து உட்காருகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும், "உனக்கெதுக்கு இந்தத் தூசி? மகாராணி மாதிரி வீட்ல இரு" என்பீர்கள். ஆசையாகத்தான் சொல்வீர்கள். அதனால் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை.

முன்பின் தெரியாதவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று அரைமணி நேரம் கேட்கிறீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்னைத் தெரியும் என்று நினைத்துவிட்டீர்கள். ரொம்ப நாள் வாடிக்கையாளரிடம் வியாபாரிகள் செய்கிற தப்பு அதுதான் என்று பாடத்தில் வந்தபோது, எனக்கு நோட்ஸ் எடுக்க முடியாமல் கண் கலங்கிவிட்டது. பக்கத்துப் பையன் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருப்பான்.

நல்ல சரக்குதான் கொடுத்தீர்கள். நான் கேட்டது அது இல்லை, அவ்வளவுதான்.

விதியை மறக்காதீர்கள்.

உங்கள்
மாணவி

ஜூன் 2

அன்புள்ளவளுக்கு,

விதியை நாலு தடவை மீறினேன். முதல் கடிதத்தில், ஊரில் எந்தப் புருஷன் இப்படித் தாங்கினான் என்று எழுதினேன். இரண்டாவதில், ஒரு தடவை கடைக்கு வந்தபோது தூசியால் உனக்கு வந்த இருமலைப் பற்றி. மூன்றாவதில் கோபம். நாலாவது முழுக்கப் புலம்பல். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

நன்றி.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படி இல்லை. உனக்கு என்ன வேண்டும்? கடையில் உனக்கென்று ஒரு நாற்காலி வேண்டுமென்றால் இன்றைக்கே போடுகிறேன். அந்தச் சோப்புக் கம்பெனிதான் வேண்டுமென்றால், அதையும் சொல். பதில் எதுவாக இருந்தாலும் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

நான்

ஜூன் 11

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தேன். பனி விலகும்வரை அங்கேயே இருந்தேன். அப்புறம் கீழே இறங்கிப் போய்க் கம்பெனியில் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இந்தக் கேள்வியைப் போன வருஷம் கேட்டிருந்தால் நாற்காலியே போதும் என்றிருப்பேன். இப்போது இந்த வேலை வேண்டும். காலையில் நானாகக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது பிடித்திருக்கிறது. உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் வலிக்கிறது.

என்ன வேண்டும் என்று கேட்டீர்கள், பாதிதான் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஒரே அறைதான், ஆனால் மாலை வெயில் சுவர் முழுக்க வருகிறது. அதற்குள் தேர்வும் முடிகிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடிபோகிறேன்.

அன்றைக்கு வாருங்கள். கூட்டிக்கொண்டு போக வர வேண்டாம். என்னைப் பார்க்க வாருங்கள்.

உங்கள்
நான்