மேட்டு வீட்டுச் சம்பந்தம்

நவம்பர் 17, திங்கள்

விடியும்போதே மழை. பள்ளிக்கூடம் லீவு என்று டிவியில் பார்த்துவிட்டு மறுபடி படுத்தேன். தூக்கம் வரவில்லை. மாடியில் காயப்போட்ட துணி எல்லாம் திரும்ப நனைந்தது. கடலை மாவு இல்லை. மெழுகுவர்த்தி இல்லை. இவர் ஹார்பருக்குப் போகவில்லை. லாரிகள் பைபாஸிலேயே நிற்கின்றனவாம்.

தெருச் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில். தலைவர் செல்வின் அண்ணாச்சி பெயிண்ட் கடையை அடைத்துவிட்டு வந்தார். மெயின் ரோட்டுத் தண்ணீர் எங்கள் மூன்றாம் தெருவுக்குள் திரும்பப் பார்க்கிறது. முனையில் மணல் மூடை அடுக்கினால் வராது.

“அப்ப தண்ணி எங்கன போவும்?” கடைசி வீட்டு வாத்தியார்.

“நாலாம் தெருவுக்குத்தான். அது பள்ளம். பள்ளத்துல தண்ணி நிக்காம மேட்டுலயா நிக்கும்?” என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். நாலாம் தெருவில் இருப்பது இவர் தம்பி வீடு. தம்பி இறந்துவிட்டான். அவன் மனைவி கிருபையும் மகள் பிரிசில்லாவும்தான் அங்கே. பழைய ரோட்டைத் தோண்டாமல் மேலே மேலே போட்டதில், அந்த வீட்டுக்குள் இப்போது படி இறங்கித்தான் போகவேண்டும்.

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போடுங்க அண்ணாச்சி. தெரு முடிவுதான் என் முடிவும்.”

சாயங்காலத்துக்குள் மூடை ஏறிவிட்டது. வாசல் காய்ந்தது. பக்கத்து வீட்டில் கடலை மாவு வாங்கி பஜ்ஜி போட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. மிக்ஸி புகைகிறது.

கிருபை வந்தாள். முழங்கால் வரை சேலை நனைந்திருந்தது. வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. அப்போதுதான் தரை துடைத்திருந்தேன்.

“அக்கா, வீட்டுக்குள்ள வந்துட்டு. தையல் மெஷின கட்டில் மேல தூக்கி வச்சிருக்கோம். அத்தான்ட்ட சொல்லி அந்த மூடைய கொஞ்சம் வெலக்கச் சொல்லுங்க. பாதி இங்கன, பாதி அங்கன போவட்டும்.”

என்னுடைய பிளவுஸ் துணி அவளிடம் இருக்கிறது. நனைந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, பரண்மேல் வைத்துவிட்டாளாம்.

உள்ளேயிருந்து இவர் குரல்: “சங்கத்துல முடிவு பண்ணுனது. நான் ஒருத்தன் என்ன செய்ய?”

அவள் போகவில்லை. பிரிசில்லாவைப் பெண் பார்க்கச் சனிக்கிழமை சாத்தான்குளத்திலிருந்து வருகிறார்களாம். பையன் சென்னையில் பேங்கில். ஒரே மகன். இத்தனை நாள் என் காதில் போடவில்லை பாருங்கள்.

“தேதிய மாத்திச் சொல்லேன்.”

“ஏற்கெனவே மாத்தியாச்சுக்கா. இனியும் கேட்டா வேற எடம் பாத்துருவாவ. உங்க வீட்ல வச்சிக்கிடட்டுமா? சித்த நேரந்தான். காப்பி குடிச்சிட்டுப் போயிருவாவ.”

சரி என்றேன். மூடையை எடுப்பதைவிட இது லேசு.

நவம்பர் 20, வியாழன்

விட்டு விட்டுத் தூறல். தாயும் மகளும் காலையிலேயே வந்து என் ஹாலைக் கழுவினார்கள். திரை மாற்றினார்கள். ஒட்டடை அடித்தார்கள். வந்ததுதான் வந்தார்கள் என்று ஃபிரிட்ஜையும் துடைக்கச் சொன்னேன். துடைத்தார்கள்.

ஜெனிஃபர் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஃபோன். என் மகள், பிரிசில்லாவுக்கு மூத்தவள். எம்.எஸ்சி. அவளுக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருக்கிறது. நிறம் என்பார்கள், இல்லாவிட்டால் வயது என்பார்கள்.

“அம்மா, அவ மேல சாக்கட நாத்தம் அடிக்கி. நாளக்கழிச்சு சென்ட் அடிச்சிட்டு வரச் சொல்லு,” என்றாள் சத்தமாக.

பிரிசில்லா காதில் விழுந்தது. கையிலிருந்த துணியைப் பிழிந்து வைத்தாள். பின்பக்கக் குழாயில் போய்க் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வந்து மறுபடி துடைத்தாள். ஜெனியை நான் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அவள் காதில் விழுந்தது உறுதியாகியிருக்கும்.

தெரு வாட்ஸப்பில் செ. அண்ணாச்சி எங்கள் தெருவைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். காய்ந்து கிடக்கிறது. எல்லோரும் கைதட்டு, ஸ்தோத்திரம். நானும் ஒரு கைதட்டு.

வாங்க வேண்டியது: மக்ரூன், மிக்சர், நல்ல காப்பித் தூள்.

நவம்பர் 22, சனி

வெயில் எட்டிப்பார்த்தது. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பையன், தாய், தகப்பன், ஒரு அத்தை.

ஜெனியை மாடியிலேயே இருக்கச் சொல்லியிருந்தேன். பிறகு நானே மேலே போய், அந்த மெரூன் பட்டைக் கட்டிக்கொண்டு கீழே வா என்றேன். ஏன் சொன்னேன் என்பதை எழுத வேண்டாம்.

பையனின் அப்பா ஜெபம் பண்ணினார். பிரிசில்லா காப்பி கொண்டுவந்தாள். பையன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். நல்ல பையன்தான். கிருபையின் கண் நிறைந்துவிட்டது.

காப்பி முடிந்ததும் பையனின் தாய், “பொண்ணு வீட்டயும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்” என்றார்.

“இன்னைக்குக் கார் போவாதும்மா, கொஞ்சம் தண்ணி நிக்கி” என்றாள் கிருபை.

“மொட்ட மாடியிலேருந்தே தெரியும், வாங்க” என்றேன் நான்.

மேலே கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டிக் காட்டினேன். பார்க்கவேண்டும் என்றார்கள், காட்டினேன். அவ்வளவுதான். வீட்டைச் சுற்றிப் பச்சைத் தண்ணீர். மூழ்கிய காம்பவுண்டு. வாசலில் மிதக்கும் பிளாஸ்டிக் குடம். அந்த அம்மாள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

“இதுலயா குடியிருக்காவ? நாளைக்கு எம்பேரன் பேத்தி தாய்வீடுன்னு இங்கனதான வரணும்?”

பிறகு என் மாடியைச் சுற்றிப் பார்த்தார். சோலார். புதுத் தண்ணீர்த் தொட்டி. “இது உங்க சொந்த வீடா? உங்களுக்கு எத்தன பிள்ளைய?”

“ஒரே மகதான்,” என்றேன்.

கீழே வந்து ஜெனியின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். கிருபை கப்பெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. பிரிசில்லாவுக்கு விளங்கியது. முகத்தைப் பார்த்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கோயில். பிரசங்கம் நீளம். கிருபை எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் பாடகர் குழுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியானம் ஃபோன். அந்த அம்மாள்தான். “மூத்தவ இருக்கையில எளையவள ஏன் முந்தித் தள்ளுதிய? எங்களுக்கு உங்க மகளத்தான் பிடிச்சிருக்கு. பையன்ட்ட நான் பேசிக்கிடுதேன்.”

இவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு, “கர்த்தருடைய சித்தம்னா நாம என்ன செய்ய?” என்றார். கறி இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.

ஜெனி அழுவாள், மறுப்பாள் என்று பயந்தேன். “சென்னைல எந்த ஏரியா?” என்று மட்டும் கேட்டாள்.

கிருபை திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கடைசியில் இவர் பேசினார்: அவங்களுக்குப் பிடித்தம் இல்லையாம், மனசை விட்டுராத. அதற்கு மேல் சொல்லவில்லை. அது பொய் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

நேற்று முழுக்கக் கொட்டியது. எங்கள் தெருவிலும் இப்போது கரண்டைக்கால் தண்ணீர். வியாழக்கிழமை நிச்சயம், சாத்தான்குளத்திலிருந்து வேனில் வருகிறார்கள். பட்டுச் சேலையோடு இதில் எப்படி இறங்குவார்கள்? தலைவலி.

நாலாம் தெருக்காரர்கள் மெயின் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்து ஒரு மோட்டார் வண்டி வரவழைத்திருந்தார்கள். தண்ணீர் இறைக்கிற வண்டி. இவரும் செ. அண்ணாச்சியும் போய் வண்டிக்காரரிடம் பேசினார்கள். என்ன பேசினார்களோ, வண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பியது. குழாயின் மறுமுனை மூடைக்கு அந்தப் பக்கம், நாலாம் தெருவில்.

பால்கனியில் நின்று பார்த்தேன். ஒரு பொம்பளை, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழே இருந்து கத்தினாள்: “ஏளா, டீச்சரு! எங்க வீட்ல தூக்கி ஊத்துதியளே, நீங்கள்லாம் வெளங்குவியளா?”

அவள் மகன் இரண்டாம் வகுப்பில் என்னிடம்தான் படிக்கிறான். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சாயங்காலம் தெரு சுத்தம். பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னேன்.

நவம்பர் 26, புதன்

மழை இல்லை. சித்தியை அழைக்காமல் நிச்சயம் வைத்தால் நாளைக்கு ஊர் பேசும். இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். நான்தான் போனேன், இவருடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு.

வீட்டுக்குள் முழங்காலுக்கு மேலே தண்ணீர். கிருபை கட்டிலில், மெஷினுக்குப் பக்கத்தில், காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். பிரிசில்லா வாளியில் மொண்டு ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவது அப்படியே வாசல் வழியாகத் திரும்ப வருகிறது. தெரியாமலா இருக்கும்? ஆனாலும் ஊற்றினாள்.

படியிலேயே நின்று சொன்னேன். “நாளைக்கு ஜெனிக்கு நிச்சயம். சித்தி நீ இல்லாம எப்படி? ரெண்டு பேரும் வந்துரணும்.”

கிருபை என் முகத்தையே பார்த்தாள். “மாப்பிள்ள அந்தப் பையந்தானாக்கா?”

“ஆமா. அவங்களாத்தான் கேட்டாங்க.”

வாளிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி மொள்ளும் சத்தம். பெரியம்மா என்று ஒரு வார்த்தை அந்தப் பெண் வாயிலிருந்து வரவில்லை.

“எனக்கு விரலிடுக்கெல்லாம் சேத்துப்புண்ணு, நடக்க முடியலக்கா,” என்றாள் கிருபை. “பிரிசில்லாவ வேணா அனுப்புதேன். அத்தன பேரு திம்பாவ. பாத்திரம் கழுவ ஆள் வேணும்லா?”

என்னைக் குத்துவதற்காகச் சொன்னது என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வேலைக்காரி மரியாளும் ஒரு வாரமாக வரவில்லை, அவள் வீட்டிலும் தண்ணீர்.

காலையில் சீக்கிரமே வரச் சொல் என்றேன்.