சாம்பல் சேற்றில் தெளிந்த தண்ணீர்

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. போன தை மாதம் மஞ்சள்காமாலையில் செத்துப்போன உன்னிடம் இப்படிக் கெஞ்சுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் கெஞ்சுகிறேன். அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். என் நகக்கண்களில் ஏரிச் சேற்றின் நாற்றம் இன்னும் இருக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அந்த நாற்றம்தான் உன்னைக் கூட்டிவந்தது. ஏழாம் வகுப்பு லீவில், ஏரியை ஒட்டிய வயலில் நீ ஒரு சேற்றுக்கட்டியைப் பிட்டுக் காட்டினாய். உள்ளே ஒரே சாம்பல் நிறம். நெல் வேர் போன வழியில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடுகள்.

"ரத்தமாடி?" என்றேன்.

"போடி பைத்தியம். துரு. வேரு வழியா காத்து போன எடம்."

காற்றில்லாத சேற்றில் இரும்பு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், காற்றுப் பட்டால் துருவாகி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று அறிவியல் டீச்சரைத் துளைத்தெடுத்துத் தெரிந்துவைத்திருந்தாய்.

எங்கள் சாயப்பட்டறைக்கு அது உதவியது. கோடையில் கிணறு வற்றினால் தெருமுனை அடிபம்புதான் கதி. அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், விடிந்து பார்த்தால் பழுப்பேறியிருக்கும். அதில் அலசினால் பட்டின் நிறம் செத்துவிடும். இரும்பு வாளியைக்கூட அப்பா பட்டறைக்குள் விடமாட்டார். நீதான் வெயிலில் காய்ந்த களிமண்ணைப் பொடித்துப் பானையில் கலக்கி, மூடாமல் வைத்தாய். களிமண் இரும்பைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்தது. மறுநாள் மேல்தண்ணீரை மட்டும் மொண்டோம். பட்டறைக்குத் தண்ணீர் சுமக்கும் உன் அம்மா சிரித்தார்: "நான் இடுப்பொடிய சொமந்தாந்த தண்ணில மண்ண போட்டுக்கினு, இதுங்களுக்குப் படிப்பு வேற!"

நீ பொடித்துவைத்த மண் இந்த வாரம் தீர்ந்துபோனது. ஏரியோரத்துச் சேற்றை அப்படியே அள்ளிவந்து பானைத் தண்ணீரில் கலக்கினேன். காயவைக்கவில்லை. தூசி விழக்கூடாது என்று பானையை இறுக்கி மூடி மூன்று நாள் வைத்தேன். தண்ணீர் அவ்வளவு அழகாகத் தெளிந்தது. நேற்று ஒரு கல்யாணப் புடவைக்கான மஞ்சள் பட்டு நூலை அப்பா அதில்தான் அலசினார். இன்று உலர்ந்தபோது மஞ்சள் மங்கி, காவி திட்டுத்திட்டாக நின்றது.

அப்பா உன் அம்மாவை அதட்டினார்.

"இரும்பு வாளில மொண்டியா? நெசத்த சொல்லு."

"செத்துப்போன என் பொண்ணு மேல சத்தியமா இல்லீங்க. பித்தளக் கொடம்தான்."

"நாளைலேர்ந்து வராத."

நான் அங்கேயேதான் நின்றேன். உன்மேல் சத்தியம் செய்தபோதும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பானையில் மீந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். இப்போது விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். அடியில் செம்பழுப்பாய்ப் படிந்திருக்கிறது. காய்ந்த களிமண் வாங்கிக்கொண்ட இரும்பை, மூடிய பானைக்குள் ஈரச் சேறு வெளியே விட்டிருக்கிறது. உன் அம்மாவின் குடத்தில் ஒன்றும் இல்லை. நான்தான்.

அடிக்குப் பயம். அதைவிட, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயம். "பொட்டப் புள்ளைக்கு இந்த மண்ணு ஆராய்ச்சி எதுக்கும்மா?" என்று முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கூலி நின்றால் உன் தம்பிகள் என்ன சாப்பிடுவார்கள்? நீ இருந்தால் இந்நேரம் அப்பாவை எழுப்பிச் சொல்லியிருப்பாய். நான் ஒன்பது முறை எழுந்து, ஒன்பது முறை உட்கார்ந்துவிட்டேன்.

"தெளிஞ்சிருக்குதுன்னு நம்பாதடி, காத்துல வெச்சுப் பாரு" என்பாய். உன் குரலில் எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? விடிந்ததும் சொல்லிவிடலாம் என்று

இன்னும் விடியவில்லை, தெருக்கதவைத் தட்டுகிறார்கள். உன் அம்மா.

"பாப்பா, நான்தாம்மா. தலைக்கு வெக்கிற என் சும்மாடு உள்ள கெடக்குது. எடுத்துக்கினு போயிடறேன்."

அப்பா இருமுகிறார். எழுந்துவிட்டார். நான் டம்ளரோடு அப்பாவிடம்