ஊருக்குப் போக ஒரு நாற்காலி

மார்ச் 3

அப்பா கல்யாணம் செய்துகொள்கிறார். எழுதிப் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை.

கடையில் ஒரு கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன். "அம்மாடி, கோபப்படாம கேளு." அறுபத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாரே, லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கற்றுக்கொடுத்த டீச்சரும் கிடைத்துவிட்டார். அவரும் துணையை இழந்தவர். ஏப்ரல் கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து.

"நீ வரணும்னு இல்லம்மா. உன் நிலைமை எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதுதான் குத்தியது. வராதே என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

என் நிலைமை: சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஐந்து வருடம். வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி. இடது கையில் இரண்டு ஊசி, நாலு மணி நேரம் சாய்வு நாற்காலி. பக்கத்தில் என் ரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பித் தரும் மெஷின். மூன்று வருடம் முன்பு அம்மா போனபோது என்னால் இந்த வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போக முடியவில்லை. அம்மா இல்லாத அந்த வீட்டை நான் இன்னும் பார்த்ததே இல்லை.

மார்ச் 4

போகணும்.

மார்ச் 7

இன்ஷூரன்ஸ் அலுவலகம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான், விதிதான் கெட்டது. என் காப்பு இந்த நாட்டுக்குள் மட்டும். சொந்த நாட்டில் திடீரென்று நெஞ்சு வலி வந்தால் பணம் தருவார்கள். டயாலிசிஸ் 'திடீர்' கணக்கில் வராது. "எங்க ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசம்தானே?" என்று கேட்டேன். அங்கேயே குடியிருப்பவர்களுக்குத்தானாம். பாஸ்போர்ட் மட்டும் போதாது.

ஆக, இங்கே நான் வெளியூர்க்காரி. அங்கே போனாலும் வெளியூர்க்காரி. அப்புறம் நான் எந்த ஊர்க்காரிதான்?

எழுந்திருக்கும்போது அவளாகவே சொன்னாள்: "முன் அனுமதின்னு ஒண்ணு இருக்கு. யாரும் கேக்குறதில்ல." அங்கே ஒரு மையம் எனக்கு நாற்காலி ஒதுக்கியிருப்பதாக எழுதித் தரவேண்டும். கிளம்புவதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இரண்டும் இருந்தால் இரண்டு வாரத்துக்கு அவர்களே கட்டுவார்களாம்.

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். "மேல போற பட்டன் ஒண்ணு இருக்குல்ல, அப்ப அமுக்கு," என்றார்.

மார்ச் 14

ஊரில் இருக்கும் மையம் போனை எடுக்கவில்லை. மெயிலுக்கும் பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

மார்ச் 17

இன்று 'அவர்' பேசினார். அப்பாவின் டீச்சர். முதல்முறை.

"உங்க அப்பா சொன்னார். அந்த மையத்துக்கு நான் நேர்ல போய்ப் பாக்கட்டுமா? நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

பேசினால் அம்மாவுக்குத் துரோகம் செய்வதுபோல ஒரு கூச்சம். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றேன். சிரமம் என்ற வார்த்தையைக் கதவு மாதிரிச் சாத்தினேன். அந்தம்மாவுக்கு அது கதவாகத் தெரியவில்லை போல. "சிரமமெல்லாம் இல்ல. ரோட்டுல பசங்க அத்தன பேரோட கத்துறேன், ஒரு கிளார்க்கோட கத்த மாட்டேனா?"

சிரித்துவிட்டேன். வைத்தபிறகு என்மேலேயே எரிச்சல்.

மார்ச் 21

நாற்காலி கிடைத்துவிட்டது! டீச்சர் மூன்று நாள் தொடர்ந்து போய் உட்கார்ந்தாராம். மூன்றாம் நாள் மேனேஜரே வெளியே வந்து, "அம்மா, நீங்க யாருக்காக?" என்று கேட்டிருக்கிறார். "என் பொண்ணுக்காக," என்றாராம். அப்பா இதைச் சொல்லிவிட்டு நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார். கோபம் வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 26

எங்கள் டயாலிசிஸ் வார்டின் தலைமை நர்ஸை நாங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்போம். அவள் வந்தால் மெஷின்கள்கூட முதுகை நிமிர்த்தும். என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, மஞ்சள் காமாலைக் கிருமிக்கு எதிரான சக்தி உடம்பில் குறைந்திருக்கிறது, அந்தக் குறையோடு ஊருக்குப் போகக்கூடாது என்று தடுப்பூசி போட்டாள். "போய்ட்டு வந்ததும் உனக்குத் தனி ரூம், தனி மெஷின். ரிசல்ட் சுத்தமா வர்றவரைக்கும் அங்கதான்." சரி என்றேன். எலி வளையானாலும் தனி வளை.

மார்ச் 29

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். இன்று வேறு நர்ஸ்.

ஏப்ரல் 1

முட்டாள்கள் தினமாம். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். என் ரத்தத்தில் காமாலைக் கிருமி இருக்கு — பாசிட்டிவ். எப்படி? எங்கேருந்து? நான் எங்கயும் போகலையே, கடை, வீடு, அந்த நாற்காலி, இவ்வளவுதானே என் உலகம்? இன்றைக்கே தனி ரூம். ரெண்டு கையுறை போட்டுக்கிட்டு ஒரு பையன் ஊசி குத்தினான். முகத்தைப் பாக்கல.

ஊர் மையத்துக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. சாயங்காலமே நாற்காலியை ரத்து செய்துவிட்டார்கள். நியாயம்தான், அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனா —

போதும். எழுத முடியல.

ஏப்ரல் 2

இவர் வேலைக்குப் போகவில்லை. என் தட்டில் இருந்தே எடுத்துச் சாப்பிட்டார். "தள்ளி உக்காருங்க," என்றேன். "நான் தடுப்பூசி போட்டவன்டி. இனிமே புதுசா என்ன ஒட்டப்போகுது?"

ஏப்ரல் 3

தடுப்பூசி!

ஹெட்மிஸ்ட்ரஸ் விடுப்பு முடிந்து இன்றுதான் வந்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், தலையில் கைவைத்துக்கொண்டாள். தடுப்பூசி போட்ட சில நாளுக்கு ரத்தத்தில் ஊசியின் மிச்சமே கிருமி மாதிரித் தெரியுமாம். ஊசிக்கு மூன்றாம் நாளே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். டாக்டரும் அப்படித்தான் இருக்கும் என்கிறார். ஆனால் இன்ஷூரன்ஸுக்கு 'இருக்கும்' போதாது. கொஞ்சநாள் பொறுத்து மறுபடி எடுக்கவேண்டும்; கிருமியையே நேராகத் தேடும் இன்னொரு சோதனையும் செய்யவேண்டும்.

"ஊசி போட்டத நான் எழுதி வெச்சிட்டுப் போயிருக்கணும். என் தப்பு," என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. திட்ட வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை.

ஆனால் மறு ரிசல்ட் வந்து, முன் அனுமதியும் கிடைப்பதற்குள் அப்பாவின் தேதி போய்விடும். போனில் சொன்னேன். "விடும்மா. போட்டோ அனுப்புறேன்," என்றார். அம்மா போனபோதும் போட்டோதான் வந்தது.

ஏப்ரல் 5

டீச்சர் போன் செய்தார். அப்பாவிடம் கேட்காமலே பதிவு அலுவலகம் போய்த் தேதியை மே பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டாராம்.

"ஐயோ, எனக்காக எதுக்கு? ஒருவேளை ரிசல்ட் மறுபடியும் —"

"அப்ப ஜூனுக்கு மாத்துவோம். இத்தன வருஷம் தனியா இருந்தவங்களுக்கு ஒரு மாசம் பெரிசா? நீங்க இல்லாம அந்த வீட்டுக்குள்ள நான் எப்படி நுழையறது? அது உங்க அம்மா வீடு."

"என்னை வாங்க, போங்கன்னு கூப்பிடாதீங்க, சித்தி," என்றேன். வாயிலிருந்து அதுவாக வந்தது.

ஏப்ரல் 23

இரண்டு சோதனையிலும் கிருமி இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் ரிப்போர்ட்டை வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

மே 4

முன் அனுமதி வந்தது. நாற்காலியும் மறுபடி கிடைத்தது. இந்தத் தடவை சித்தி ஒருநாள்தான் போனாராம்; மேனேஜர் தூரத்தில் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

மே 10

வந்துவிட்டேன்.

கதவைத் திறந்ததும் அம்மாவின் குரல் இல்லாத வீடு. இதற்குத்தான் இத்தனை நாள் பயந்தேன். சமையலறைக்குள் போய் அலமாரியைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தேன். யாரும் உள்ளே வரவில்லை. வெளியே வந்தபோது சித்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், செருப்புக்கூடக் கழற்றாமல். "உள்ள வாங்க," என்றேன்.

மே 11

ஊர் மையம். பச்சை ரெக்சின் நாற்காலி, மெஷின் மட்டும் எங்களுடையதைவிட வயதானது. நர்ஸ் சின்னப்பெண். "வெளிநாட்டு அக்காவா?" என்றாள். "இந்த ஊர்தான்," என்றேன். ஊசி வலிக்கவில்லை. நாலு மணி நேரமும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மெஷினையே பார்த்தார். "இதையா ஐஞ்சு வருஷமா தனியா செஞ்சே?" என்றார் ஒருமுறை.

மே 12

சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

ஜூன் 16

ஊரிலிருந்து திரும்பியபின் இருந்த தனி அறை வாசம் முடிந்தது. ரிசல்ட் சுத்தம். நாளை முதல் வார்டில் எல்லோரோடும்.

அப்பாவும் சித்தியும் இங்கே வரப்போகிறார்கள், மூன்று வாரம். வருகிறவர்களுக்கு மருத்துவக் காப்பு கட்டாயம். அப்பா வயதுக்கு ரத்தப் பரிசோதனையும் கேட்கிறார்கள். விதியையெல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன்.

"எனக்கெதுக்கு டெஸ்ட்டு? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லையும் டெஸ்ட் பண்ணித்தான் பிளேன்ல ஏத்துவாங்க. நாளைக்குக் காலைல வெறும் வயித்துல போங்க."

"காப்பி?"

"காப்பியும் கூடாதுப்பா."

போனைக் கீழே வைக்காமலே சித்தியிடம் போய் என்னைப் பற்றிப் புகார் சொல்வது கேட்டது. "அவ சொன்னா சொன்னதுதான்," என்றார் சித்தி.